பார்ப்போரும் பார்க்கப்படுவோரும்

எம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்று, பின்னர் இலண்டனிற் குடியேறிவிட்ட மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையின்போது எம்மைக் காண வந்திருந்தார். குடும்பத்துடன் மூன்று நாள், நான்கு நாள் என ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்று வருவது அங்கு வாழ்வோரின் வழக்கமாகிவிட்டது என்றார். தமது கைத்தொலைபேசியிலே உல்லாசப் பிரயாணிகளுக்கென வெளியான பட்டியல் ஒன்றை எடுத்துக் காட்டினார். 'வழக்கத்துக்கு மாறான நகர உலாக்கள்' என்பது அதன் தலைப்பு. பாரிஸ் நகரின் கழிவுநீர்ச் சுரங்கம். அதே நகரில் மனித எலும்புகள் சுவர்போல அடுக்கப்பட்ட நிலவறை. இலண்டனிலே இருள் சூழ்ந்த பின் கொலைஞன் ஒருவனின் காலடித் தடத்தைப் பின்தொடரும் நடை. பெர்லினில் வீடற்று வாழ்ந்த ஒருவர் முன்செல்ல அவர் படுத்துறங்கிய இடங்களைக் காணும் உலா. எல்லாம் ஒரே பட்டியலில், ஒன்றன்கீழ் ஒன்றாக, விலையுடன் இருந்தன.

"அரண்மனையும் தேவாலயமும் பாத்து அலுத்துப் போச்சு, சேர். இப்ப எல்லாரும் இப்பிடியான இடங்களுக்குத்தான் போகினம். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு எதுக்குப் போகலாமெண்டு நீங்கள்தான் சொல்லுங்கோவன்" என்று கேட்டார் அவர்.

சாதாரணமான கேள்விதான். ஆயினும் அதற்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அந்தப் பட்டியலிலே ஒன்றோடொன்று சேரவே கூடாத பொருள்கள் சேர்த்து விற்கப்படுகின்றன என்ற எண்ணம் எம்மை விட்டு அகலவில்லை. அவ்வெண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தை அகற்றிவிடுதல் நன்று. "ஐரோப்பாவுக்குச் சென்றால் கலைக்கூடங்களையும் கோபுரங்களையும் பார்த்துவர வேண்டியதுதானே? சாக்கடையையும் சேரியையும் பார்ப்பது என்ன இரசனை?" என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். அவர்கள் கட்சி எமது கட்சியன்று. அரசர் வாழ்ந்த மனையைக் காட்டி, அதனைக் கட்டியவர் யார், அதற்கான பொருள் எங்கிருந்து வந்தது என்பவற்றைக் கூறாது விடும் வழக்கமான உலாவே பெரிய மோசடி. பிரஸ்ஸல்ஸ் நகரின் அகன்ற வீதிகளையும் வளைவுகளையும் காட்டி, இரண்டாம் லியோபோல்ட் மன்னனின் புகழ் பாடி, கொங்கோ நாட்டு றப்பர்க் காடுகளில் நடந்த கொடுமையைப் பற்றி வாய்திறவாத வழிகாட்டி வரலாற்றைக் கற்பிக்கவில்லை; மறைக்கிறார். ஆதலின் வழக்கத்துக்கு மாறாக நகரின் மறுபக்கத்தைக் காணவேண்டும் என்னும் ஆவல் தன்னளவிற் குற்றமன்று, வரவேற்கத்தக்கதுங்கூட. அந்த ஆவலை வைத்து நடைபெறும் வியாபாரமே எமது விசாரணைக்குரியது.

'புதுமை' என்று விற்கப்படும் இச்சரக்கு உண்மையிற் புதியதுமன்று. பாரிஸ் நகரத்தார் 1867ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சி நடைபெற்ற காலத்திலேயே தமது புதிய கழிவுநீர்ச் சுரங்கங்களை விருந்தினருக்குத் திறந்து காட்டத் தொடங்கிவிட்டனர். சீமான்களும் சீமாட்டிகளும் வண்டியிலும் படகிலும் ஏறி நிலத்தின்கீழ் உலா வந்தனர். ஏறத்தாழ 60 இலட்சம் பேரின் எலும்புகள் கிடக்கும் நிலவறை 1809ஆம் ஆண்டு முதலே பார்வையாளரை ஏற்று வந்தது. இவற்றினும் பயங்கரமான காட்சியொன்றும் அங்கு உண்டு. நோத்ர தாம் தேவாலயத்தின் பின்புறத்தே அமைந்திருந்த பிணச்சாலையில், அடையாளம் தெரியாத பிரேதங்களைக் கண்ணாடிச் சாளரத்தின் பின்னே கிடத்தி வைப்பர். உறவினர் வந்து அடையாளங் காட்டட்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் வந்தவர்களிற் பெரும்பாலோர் உறவினரல்லர், வேடிக்கை பார்ப்போர். பிள்ளைகளை இடுப்பிற் சுமந்து வந்தவர்களும், பிறநாட்டுப் பிரயாணிகளும் அங்கு வரிசையில் நின்றனர். 1907ஆம் ஆண்டிலேதான் அது பொதுமக்களுக்கு மூடப்பட்டது. செயின் நதியில் வீழ்ந்து மாண்ட ஏழைப் பெண்ணின் உடல் ஒரு நகரத்தின் இலவசக் காட்சியாயிருந்தது.

இலண்டனின் கதையும் இதுவே. 1880களிலே அந்நகரின் மேற்குப் பகுதிச் செல்வர்கள் மாலைப்பொழுதிற் குழுவாகச் சேர்ந்து, கீழைப்பகுதிச் சேரிகளுக்குச் சென்று ஏழைகள் வாழும் விதத்தைப் பார்த்து வருவதை ஒரு நாகரிகப் பொழுதுபோக்காக்கிக் கொண்டனர். அதற்கென ஆங்கிலத்திலே தனிச்சொல்லொன்றும் வழக்கிற்கு வந்தது. சேரியைப் பார்த்தவர்களுட் சிலர் மனம் நொந்து சீர்திருத்தத்தில் இறங்கினர் என்பதை மறுப்பதற்கில்லை. அக்காலத்திலேதான் சார்ள்ஸ் பூத் என்பார் தெருத்தெருவாக ஆராய்ந்து, இலண்டன் மக்களில் 30.7 சதவீதத்தினர் வறுமையில் வாழ்கின்றனர் எனக் கணக்கிட்டார். ஆனால் பார்க்கச் சென்றவர் பலருக்குக் கிடைத்தது கணக்கன்று, கிளுகிளுப்பு. வறியவனின் கதவைத் தட்டாமலே உள்ளே எட்டிப் பார்க்கும் உரிமை தமக்குண்டு என்று அவர்கள் நம்பினர்.

அந்த நம்பிக்கை தங்கள் நாட்டு ஏழைகளோடு நின்றுவிடவில்லை என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி. விலங்கு வியாபாரம் செய்த ஹம்பர்க் நகரத்துக் கார்ள் ஹாகன்பெக், அதே 1880களில், இலங்கையரை யானைகளோடும் நடனகாரரோடும் கூட்டமாகக் கொண்டுசென்று ஐரோப்பிய நகரங்களின் விலங்குத் தோட்டங்களிலே காட்சிப்படுத்தினார். பாரிஸ் நகரத்துத் தோட்டத்திலும் நம் நாட்டவர் வேலிக்குள்ளே சமைத்தும், ஆடியும், பிள்ளைகளுக்குப் பாலூட்டியும் 'வாழ்ந்து காட்டினர்'. வேலிக்கு வெளியே கட்டணஞ் செலுத்தியவர்கள் நின்றனர். ஆகவே பார்ப்போர், பார்க்கப்படுவோர் என்னும் இப்பிரச்சினையை நாம் எட்ட நின்று பேசவில்லை. வேலியின் உட்புறத்தில் நின்ற வரலாறு நமக்குண்டு.

இனி, இன்றைய சந்தையில் மிக அமோகமாக விற்கப்படும் உலாவை எடுத்துக்கொள்வோம். இலண்டனின் வைற்சப்பல் பகுதியில் 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதிக்கும் நவம்பர் மாதத்துக்கும் இடையில் ஐந்து பெண்கள் கொலையுண்டனர். கொன்றவன் அகப்படவில்லை. 'ஜாக் த றிப்பர்' என்ற பட்டப்பெயர் மட்டும் எஞ்சியது. அப்பெயரைச் சொல்லி மாலைதோறும் பல குழுக்கள் அத்தெருக்களிலே நடத்திச் செல்லப்படுகின்றன. எந்த மூலையில் எவள் வீழ்ந்தாள், எத்தனை வெட்டு, எந்த உறுப்பு என்று வழிகாட்டி விவரிக்கிறார். அக்காலப் புகைப்படங்களைச் சுவரிலே ஒளிபாய்ச்சிக் காட்டுவதும் உண்டு. கேட்போர் நடுங்கி மகிழ்ந்து, அருகிலுள்ள மதுச்சாலையில் இளைப்பாறி வீடு திரும்புகின்றனர்.

அந்த ஐவரின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? மேரி ஆன் நிக்கல்ஸ், அனி சப்மன், எலிசபெத் ஸ்ட்றைட், கதறின் எடோஸ், மேரி ஜேன் கெலி. வரலாற்றாசிரியை ஹலி றூபன்ஹோல்ட் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இவர்களது வாழ்வைத் தேடி எடுத்து எழுதியுள்ளார். கொலைஞனைப் பற்றி அந்நூலுக்கு அக்கறையில்லை. நிக்கல்ஸ் கொல்லனின் மகள். அச்சுத் தொழிலாளி ஒருவரின் மனைவியாயிருந்து ஐந்து பிள்ளைகளைப் பெற்றவள். ஸ்ட்றைட் சுவீடன் நாட்டுக் குடியானவர் வீட்டிற் பிறந்து வேலை தேடி வந்தவள். எடோஸ் மரணத்துக்குச் சில நாள் முன்னர்தான் கென்ற் மாகாணத்திலே கூலிக்குப் பயிர் பறித்துவிட்டு நடந்தே திரும்பியவள். ஐவரும் விலைமாதர் என ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வந்ததே, அவர்களுள் மூவரைப் பொறுத்தவரை அதற்குச் சான்றேயில்லை என்பது அவர் முடிவு. நிக்கல்ஸ் இறந்த இரவில், சத்திரத்துப் படுக்கைக்குரிய நான்கு பென்ஸ் கையில் இல்லாமையால் வெளியே அனுப்பப்பட்டவள். கத்தி பாய்வதற்கு முன்னரே அவளை நடுத்தெருவிற் கொண்டுவந்து நிறுத்தியது அந்த நான்கு பென்ஸ்.

உலாவில் இதைச் சொல்கிறார்களா? சொல்வோர் சிலர் இருக்கலாம். ஆனால் விளம்பரத்தில் இருப்பது கத்தியும், நீண்ட தொப்பியும், மூடுபனியும். நான்கு பென்ஸ் அல்ல. ஏனெனில் கத்தி அன்றோடு முடிந்துபோன கதை. நான்கு பென்ஸோ இன்றும் முடியாத கதை. இன்றைய இலண்டனிலும் வாடகை கொடுக்க முடியாமல் வாசற்படியிற் படுப்போர் உளர். கொலைஞனைப் பற்றிப் பேசினால் எவரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. வாடகையைப் பற்றிப் பேசினால் பொறுப்பாளியின் பெயரைச் சொல்ல வேண்டிவரும்.

இந்த வியாபாரத்தின் துணிவுக்கு இன்னுமோர் உதாரணம். 2015ஆம் ஆண்டில் இலண்டன் கேபிள் வீதியிலே ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. கீழை இலண்டன் பெண்களின் வரலாற்றைக் கூறும் நூதனசாலை அமைக்கப் போவதாகக் கூறியே அதற்கான அனுமதி பெறப்பட்டிருந்தது. திரை விலகியபோது அங்கே இருந்தது பெண்களைக் கொன்றவனின் பெயரிலமைந்த நூதனசாலை. சுற்றுவட்டாரத்து மக்கள் கொதித்தெழுந்து வாயிலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அது எந்த வீதி என்பதையும் நோக்குக. 1936ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி, மோஸ்லியின் பாசிசப் படை யூதர்கள் வாழும் பகுதியூடாக அணிவகுத்து வர முயன்றபோது, யூதரும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளரும் பொதுவுடைமையினரும் தோளோடு தோள் நின்று தடைகளிட்டு மறித்த வீதி அது. மக்கள் வென்ற வீதியில், பெண்களைக் கொன்றவனுக்குக் கடை திறந்தார்கள்.

இதைக் காட்டிலும் ஆழமாக எம்மை உறுத்துவது வேறொன்று. அக்கொலைகள் தொடங்குவதற்கு ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு முன், அதே 1888ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அதே கீழை இலண்டனில், வைற்சப்பலிலிருந்து நடந்தே செல்லக்கூடிய 'போ' என்னும் பேட்டையில், பெண்கள் தாமாகவே ஒரு வரலாற்றை எழுதினார்கள். பிறையன்ட் அன்ட் மே என்னும் தீக்குச்சிக் கொம்பனியிலே வேலை செய்த பெண்களும் சிறுமியரும் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்கள் கையாண்ட வெண்பொசுபரசு தாடையெலும்பை அரித்து அழுகச் செய்தது. பேசினால் அபராதம்; கால் அழுக்காயிருந்தால் அபராதம்; அற்பக் கூலியிலும் வெட்டு. அனி பெசன்ட் அம்மையார் ஜூன் மாதத்திலே இக்கொடுமையைப் பத்திரிகையில் எழுதினார். 'எழுதியது பொய்' என்று கையொப்பமிடும்படி கொம்பனி தொழிலாளரை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தனர். பின்னர் ஒருத்தி வேலைநீக்கஞ் செய்யப்படவே, அனைவரும் வெளியேறினர். சில வாரங்களுக்குள் அபராதங்கள் ஒழிந்தன. நஞ்சு படியாமல் உணவு உண்பதற்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. பெண்களின் தொழிற்சங்கமொன்று பிறந்தது. அடுத்த ஆண்டு, 1889இல், இலண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டுப் பெருவேலைநிறுத்தம் செய்து வென்றபோது, இப்பெண்கள் காட்டிய வழி அவர்கள் கண்முன் இருந்தது.

பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து மறைந்த அதே பெசன்ட் அம்மையாரே இவ்வேலைநிறுத்தத்தை நடத்தியவர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. போராட்டத்தைத் தொடங்கியவர்களும் கொண்டு நடத்தியவர்களும் அத்தொழிலாளப் பெண்களே என்பதைப் பிற்கால ஆய்வுகள் எடுத்துக் காட்டின. அத்தொழிற்சாலை இன்று வசதி படைத்தோர் வாழும் அடுக்குமாடி மனைகளாக மாறிவிட்டது. 2022ஆம் ஆண்டிலேதான் அச்சுவரில் வேலைநிறுத்தத்தை நினைவூட்டும் நீலநிறத் தகடு பொறிக்கப்பட்டது. 134 ஆண்டு கழித்து ஒரு தகடு! கொன்றவனுக்கோ மாலைதோறும் ஊர்வலம்.

ஓர் ஊர். ஓர் ஆண்டு. ஒரே வர்க்கத்துப் பெண்கள். அவர்கள் எழுந்து நின்றபோது பார்ப்பதற்கு ஆளில்லை. அறுபட்டு வீழ்ந்தபோது பார்க்கக் கூட்டம் கூடுகிறது. பாரிஸ் பிணச்சாலையின் கண்ணாடி உடைந்துவிடவில்லை. அது வைற்சப்பலுக்கு இடம் மாறியிருக்கிறது. அவ்வளவே.

இதற்கு வியாபாரிகளின் சார்பிலே இரண்டு சமாதானங்கள் கூறப்படும். 'மக்கள் விரும்புவதைக் கொடுக்கிறோம்' என்பது ஒன்று. மட்டமான சினிமாவுக்கும் மர்ம நாவலுக்கும் நாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சமாதானம் அது. விருப்பம் வானத்திலிருந்து விழுவதில்லை. விளம்பரத்தாலும் பழக்கத்தாலும் அது வளர்க்கப்படுகிறது. கேபிள் வீதியில் எதிர்த்து நின்றவர்களும் மக்கள்தாமே? அவர்கள் விரும்பியது கேட்கப்பட்டதா? அந்த எதிர்ப்பிலிருந்தே கீழை இலண்டன் மகளிர் நூதனசாலை என்னும் மாற்று முயற்சியொன்று முளைத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

'கொலைக்கதையால் ஆளைக் கவர்ந்து, அதனூடே வறுமையின் வரலாற்றையும் சொல்லிவிடலாமே' என்பது மற்றைய சமாதானம். இது சற்று யோசிக்க வேண்டியது. வகுப்பறையிலே நாமும் கதை சொல்லித்தான் இலக்கணத்துக்கு வருகிறோம். ஆனால் கதை எந்தத் திசையிற் கேட்போரை இழுக்கிறது என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. கொலைஞனைத் தேடும் கதையிலே அப்பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒரு தடயம். அடுத்த தடயம் கிடைத்ததும் முன்னையவள் மறக்கப்படுவாள். தடயமாக ஆக்கப்பட்டவளிடம் 'உன் கூலி எவ்வளவு?' என்று எவரும் கேட்பதில்லை.

அப்படியாயின், அந்தப் பட்டியலில் இருந்த மற்றைய உலா எத்தகையது? வீடற்று வாழ்ந்தோர் தாமே வழிகாட்டிகளாக நகரைக் காட்டும் உலாக்கள் அண்மைக் காலத்தில் ஐரோப்பாவிற் பல நகரங்களிலே தோன்றியுள்ளன. இலண்டனில் 2010ஆம் ஆண்டிலும், பிராக் நகரில் 2012ஆம் ஆண்டிலும், பெர்லினில் 2013ஆம் ஆண்டிலும், வியன்னாவில் 2015ஆம் ஆண்டிலும் இத்தகைய முயற்சிகள் ஆரம்பமாயின. குளிர்காலத்தில் எந்தக் கட்டடத்தின் சூடான காற்று வெளியேறும் துவாரத்தருகே படுக்கலாம், எந்த வாங்கில் இருந்தால் காவலாளி விரட்டுவான், படுக்க முடியாதபடி வாங்கின் நடுவே இரும்புக் கைபிடியைப் பொருத்தச் சொன்னவர் யார் என்பனவெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அரண்மனைக்கு அருகால் நடந்து செல்லும்போதே அவர்கள் வேறொரு நகரைக் காட்டுகின்றனர்.

'இதுவும் வறுமையைக் காட்சிப்பொருளாக்குவதுதானே? 1880களின் சேரி உலாவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?' என்று எமது நண்பர்களே கேட்பர். நியாயமான கேள்வி, எமக்கும் அந்த ஐயம் உண்டு. ஒரு மனிதன் நாள்தோறும் தன் புண்ணைத் திறந்து காட்டித்தான் உண்ண வேண்டுமென்றால், அதற்குச் சுயதொழில் என்று பெயர் சூட்டினாலும் அது பிச்சையிலும் கொடியதாகலாம். உலாவால் எவருக்கும் வீடு கிடைத்துவிடுவதுமில்லை. வீட்டு வாடகையைச் சந்தையின் கையில் ஒப்படைத்துவிட்டு, வீடிழந்தவனுக்கு வழிகாட்டி வேலை கொடுத்துத் தன் மனச்சாட்சியைச் சமாதானஞ் செய்துகொள்ளும் சமூகத்தை நாம் மெச்சப் போவதில்லை.

ஆயினும் வேறுபாடு உண்டு. அது அடிப்படையான வேறுபாடு. சேரி உலாவிலே ஏழை பேசவில்லை. அவனைப் பற்றிப் பிறர் பேசினர். இங்கே அவன் முன்னே நடக்கிறான். கேட்போர் பின்னே நடக்கின்றனர். எங்கே நிற்பது, எதைச் சொல்வது, முக்கியமாக எதைச் சொல்லாது விடுவது என்பதைத் தீர்மானிப்பவன் அவனே. அவன் உழைப்புக்குக் கூலி கிடைக்கிறது. இந்நிபந்தனைகள் மீறப்படும் இடத்தில், அதாவது வேறொருவர் எழுதிக்கொடுத்த சோகக்கதையை ஒப்புவித்து, கட்டணத்தின் பெரும்பங்கை முகவரிடம் இழக்கும் இடத்தில், அந்த உலாவும் பிணச்சாலையின் வரிசையிலே சேர்ந்துவிடும். அப்போது அதனையும் கண்டிக்க நாம் தயங்கமாட்டோம்.

பார்க்கப்பட்டவர்கள் பேசத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு பெர்லின் நகரம் நல்ல சான்று. ஐரோப்பிய வல்லரசுகள் 1884ஆம் ஆண்டின் இறுதியிற் கூடி ஆபிரிக்காவைப் பங்கிடும் விதிகளை வகுத்தது அந்நகரில்தான். அங்கே 'ஆபிரிக்கக் குடியிருப்பு' எனப்படும் பகுதியொன்றுண்டு. முன்னர் நாம் குறிப்பிட்ட ஹாகன்பெக், விலங்குகளையும் மனிதரையும் நிரந்தரமாகக் காட்சிக்கு வைக்கும் தோட்டமொன்றை அப்பகுதியில் அமைக்கத் திட்டமிட்டிருந்தார். முதலாம் உலக யுத்தம் அதனைத் தடுத்தது. தோட்டம் வராவிடினும், ஆபிரிக்க மண்ணைப் பறித்தோரின் பெயர்கள் தெருக்களுக்கு நிலைத்தன. பெர்லின் வாழ் ஆபிரிக்க வமிசத்தவரும் அவர்தம் தோழரும் ஆண்டுக்கணக்காக அத்தெருக்களில் உலாக்களை நடத்தி, ஒவ்வொரு பெயர்ப்பலகையின் கீழும் நின்று அப்பெயருக்குரியவன் செய்ததை எடுத்துரைத்தனர், மனுக் கொடுத்தனர், வழக்காடினர். 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அங்கே லூடெறிற்ஸ் என்பானின் பெயர் நீக்கப்பட்டு, ஜேர்மன் படைக்கெதிராகப் போரிட்டு முகாமிலே மாண்ட நாமா மக்கள் தலைவர் கொர்னீலியஸ் பிரடெரிக்ஸ் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. உலா மட்டும் இதைச் சாதிக்கவில்லை, போராட்டம் சாதித்தது. ஆனால் அப்போராட்டத்துக்குப் பள்ளிக்கூடமாயிருந்தவற்றுள் அந்த உலாவும் ஒன்று.

இவ்விடத்தில் வாசகர் சிலர், 'இலண்டனும் பெர்லினும் இருக்கட்டும்; நமக்கு இதனால் என்ன?' என்று கேட்கலாம். இலண்டன் துறைமுகத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. 1873ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து 23 இறாத்தல் தேயிலை முதன்முதலாக அங்கு சென்றது. பின்னர் கப்பல் கப்பலாகச் சென்றது. 1889ஆம் ஆண்டு ஆறு பென்ஸுக்காகப் போராடிய தொழிலாளி முதுகிற் சுமந்த பெட்டிகளிலே நமது மலைநாட்டு உழைப்பும் இருந்தது. அக்கரைத் தொழிலாளியும் இக்கரைத் தொழிலாளியும் ஒரே பெட்டியின் இரு முனைகளைப் பிடித்து நின்றனர். ஒருவரையொருவர் காணாமலே நின்றனர். இன்று அத்துறைமுகத்தின் பழைய சர்க்கரைப் பண்டகசாலையொன்றில் நூதனசாலை இருக்கிறது. அதன் முன்னே நின்ற அடிமை வியாபாரி மிலிகனின் சிலை 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் அகற்றப்பட்டது. அங்கு செல்லும் நம்மவர், நம் பாட்டன் பாட்டியரின் கதையை அந்தச் சுவர்களிலே தேடுவாரா?

மலைநாட்டு வீதியிலே உல்லாசப் பிரயாணிகளின் வாகனம் நிற்பதையும், கூடை சுமந்த பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் படமெடுப்பதையும், ஒரு தாளை அவள் கையில் வைத்துவிட்டு விரைவதையும் நாம் கண்டிருக்கிறோம். வெள்ளையர் மட்டும் எடுப்பதில்லை. ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் உறவினரும், யாழ்ப்பாணத்திலிருந்து சுற்றுலாச் செல்லும் நம் பாடசாலைப் பிள்ளைகளும் எடுக்கின்றனர். நாமே அத்தகைய சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருக்கிறோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அந்தப் பெண்ணின் லயத்திலே எத்தனை அறை, அவள் பாட்டன் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே எவ்வாறு நாடற்றவரானார் என்று வழிகாட்டி சொல்லவில்லை; பிள்ளைகள் கேட்கவில்லை; ஆசிரியராகிய நாமும் அன்று கேட்கத் தூண்டவில்லை. வேலியின் உட்புறத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேலியின் வெளிப்புறத்திலே கட்டணச் சீட்டுடன் நிற்கிறோம். இடம் மாறியதே விடுதலை என்று எண்ணிவிட்டால், ஹாகன்பெக்கின் தோட்டம் நம் மனத்துக்குள் தொடர்ந்து நடக்கும்.

எனவே எமது மாணவருக்கு நாம் எழுதி அனுப்பிய விடையை இங்கும் கூறி முடிக்கிறோம். எந்த உலாவுக்கும் பணங் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பேசுபவர் யார்: அனுபவித்தவரா, அவரை வைத்துப் பிழைப்பவரா? பணம் யாருக்குச் செல்கிறது? துயரத்தைக் காட்டும்போது அதன் காரணத்தையும் காட்டுகிறார்களா? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின், சாக்கடைச் சுரங்கமாயினும் செல்லுங்கள். அங்கே வேலை செய்யும் தொழிலாளி அத்துர்நாற்றத்தில் எத்தனை மணிநேரம் நிற்கிறார் என்றும் கேளுங்கள். விடை கிடையாதாயின், அது அரண்மனையே ஆனாலும் பணத்தை மிச்சம்பிடியுங்கள்.

பாரிஸுக்கும் பெர்லினுக்கும் பின்னர் போகலாம். முதலில் நீங்கள் குடியிருக்கும் இலண்டனிலேயே ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, 'போ' என்னும் அப்பேட்டைக்குச் செல்லுங்கள். கட்டணமில்லை; வழிகாட்டியும் தேவையில்லை. செங்கற் சுவரில் அந்த நீலத் தகடு இருக்கும். அதன் முன்னே நின்று, நஞ்சினால் தாடை அழுகிய நிலையிலும் பொய்க்குக் கையொப்பமிட மறுத்த பெண்களின் கதையைத் தமிழிலே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பின்னர், விரும்பினால், வைற்சப்பலுக்கு நடந்து செல்லுங்கள். நிக்கல்ஸ் என்னும் பெண்ணிடம் அன்றிரவு நான்கு பென்ஸ் இருக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். ஏன் இருக்கவில்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை கூறாமல், வீடு திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு செல்லுங்கள்.